ஒன்லைனுக்குப் பூட்டு

அன்புள்ள அண்ணா,

இரவில் ஆம்புலன்ஸ் ஓட்டும் ஒரு பெண்ணைப் பற்றி, வெப் சீரிஸுக்கான ஒன்லைன், அதாவது ஒரு வரியில் கதைக்கரு, வைத்திருக்கிறேன். மூன்று இடங்களில் சொன்னேன். போன வாரம் வந்த ஒரு டீசரில் அதே சாயல். இனி யாரிடமும் சொல்லவே பயமாக இருக்கிறது. கதை சொல்வதற்கு முன்பே கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமா? ஓடிடிக்காரர்களை எப்படிப் பிடிப்பது?

மு., திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

இந்தப் பயத்தோடு நானும் சில வருடங்கள் அலைந்திருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர் நீட்டும் தாளில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், அதை விடுங்கள். ஓடிடிக்குப் பெரும்பாலும் ஒரு தயாரிப்பு நிறுவனம் வழியாகத்தான் போக முடியும். அதெல்லாம் அப்புறம்.

ஆம்புலன்ஸ் ஓட்டும் பெண் என்ற ஒற்றை வரி உங்கள் சொத்து இல்லை. கோபம் வந்தால் வரட்டும். டெல்லியில் ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் ஒரு நாடகம் எழுதினார். ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம், நடுவில் காதல். படமாக்கலாம் என்று வந்த இயக்குநரிடம் 1955-இல் நாடகம் முழுவதையும் சொன்னார். அடுத்த வருடமே அந்த இயக்குநரின் 'நியூ டெல்லி' வந்தது, வைஜெயந்திமாலாவும் கிஷோர் குமாரும் நடித்து. ஆனந்த் வழக்குப் போட்டார். 1978-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அதை எழுதி உருவாக்கிய விதத்துக்குத்தான் உண்டு என்றது தீர்ப்பு. படமும் நாடகமும் கருவில் ஒன்று, உருவாக்கத்தில் வேறு.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு நிறுவனம் டிவி தொடர் ஒன்றின் திட்டத்தை விரிவாக எழுதி, நம்பிக்கையின் பேரில் ஓர் இந்திச் சேனலிடம் கொடுத்தது. சேனல் அதைப் போலவே ஒரு தொடரைத் தானே எடுத்தபோது, 2003-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. விஜய் நடித்த 'சர்கார்' படத்தின் கதை தன்னுடையது என்று ஒருவர் புகார் செய்தபோது, நம் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தால் இரண்டு கதைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்ததும், அவர் 2007-இல் சங்கத்தில் பதிவு செய்த ஒரு பிரதி கையில் இருந்ததால்தான்.

நீங்கள் மூன்று இடத்திலும் என்ன கொடுத்தீர்கள்? வாயால் சொன்னீர்கள். கோடம்பாக்கம் நமக்குப் பழக்கிவிட்ட கேடு இது. இரண்டு மணி நேரம், பின்னணி இசையோடு, இன்டர்வெல் பிளாக்கில் எழுந்து நின்று சொல்வோம். எழுதச் சொன்னால் மட்டும் கை வராது.

சாலிகிராமத்தில் என் அறையில் ஒரு நண்பன் இருந்தான். மலைப்பாதையில் கடைசி ட்ரிப் ஓட்டும் பஸ் டிரைவரின் கதை. கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றும் சத்தத்தை வாயாலேயே எழுப்புவான், டீக்கடையே திரும்பிப் பார்க்கும். நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். கேட்பவர் முகத்தைப் பார்த்துக் கதையை மாற்றிவிடுவான். தயாரிப்பாளர் கொட்டாவி விட்டால் டிரைவருக்கு ஒரு தங்கை முளைப்பாள். கடைசியில் ஒருவர், "பிரமாதம், பவுண்ட் ஸ்கிரிப்ட் கொண்டு வாங்க, அட்வான்ஸ் தர்றேன்" என்றார். முழுத் திரைக்கதையையும் எழுதிக் கட்டிய பிரதிதான் பவுண்ட் ஸ்கிரிப்ட். கட்டுக் காகிதம் வாங்கி வந்து ஒரு மாதம் உட்கார்ந்தான். பதினோரு பக்கம். எந்தத் தங்கை, எந்த முடிவு என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தக் கதையை யாரும் திருடவில்லை தம்பி. திருடியிருந்தால்கூடத் திரையிலாவது ஒருமுறை பார்த்திருப்பேன்.

இப்போது ஊரில் கடை வைத்திருக்கிறான். போன மாதம் போன் செய்தான். மகள் கல்லூரியில் படிக்கிறாள், அப்பாவின் கதையைப் படிக்க வேண்டுமாம். அந்தப் பதினோரு பக்கமும் எங்கே போனதென்று தெரியவில்லை. "உனக்கு ஞாபகம் இருக்குமே, எழுதி அனுப்புடா" என்றான். நான்கு பக்கம் எழுதினேன். கியர் சத்தம் காதில் அப்படியே இருக்கிறது, டிரைவரின் பெயர் வரவில்லை. அவனைக் கேட்டேன். அவனுக்கும் வரவில்லை.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'ஒரு பெண்' என்றுதான் இருக்கிறது. அவளுக்கு ஒரு பெயர் வையுங்கள். இன்று ராத்திரி அவளுக்கு வரும் முதல் அழைப்பை எழுதுங்கள்.