பதில்: 36 மூட்டை கண்டும் கையில காசு நிக்கல

அண்ணே வணக்கம், ஒன்னே முக்கால் ஏக்கர் நெல்லு, ஏக்கருக்கு 36 மூட்டை கண்டும் கையில ஒன்னும் நிக்கல, பக்கத்து வயல்காரர் 32 மூட்டையிலயே மிச்சம் பாக்குறாருன்னு போட்டிருந்தீங்க. மூட்டைக் கணக்க மொதல்ல விடுங்க, ஒருத்தர் 60 கிலோ பிடிப்பாரு இன்னொருத்தர் 75 பிடிப்பாரு, ஈரம் வேற. அறுப்பு சமயத்துல நடு வயல்ல 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அதை மட்டும் தனியா அறுத்து அடிச்சு காயவச்சு எடை போட்டு 162-ஆல பெருக்குங்க, அதான் உங்க ஏக்கர் வெளச்சல்.

அப்புறம் செலவு நோட்டு. டீசல், உரம், நடவுக்கூலி எல்லாம் எழுதுறோம், வீட்டம்மா களையெடுத்தத யாரும் எழுதுறதில்ல, தயவுசெஞ்சு அதையும் வெளிக்கூலி ரேட்ல போடுங்க. மொத்த செலவ மொத்த வெளச்சல் கிலோவால வகுத்தா ஒரு கிலோ நெல்லுக்கு என்ன ஆவுதுன்னு தெரியும், அதத்தான் பக்கத்து வயல்காரரோட கணக்கோட ஒப்பிடணும்.

தண்ணி எறைக்க தினமும் இன்ஜின் ஓட்டுறேன்னு எழுதியிருக்கீங்க, காசு போறது டீசல்லதான்னு எனக்குப் படுது. நானும் அப்படித்தான் ஓட்டிட்டிருந்தேன், அப்புறம் ஒரு அடி பிவிசி குழாயில கீழ்ப்பாதி சுத்தியும் ஓட்டை போட்டு அந்தப் பாதிய சேத்துல எறக்கி உள்ள இருந்த மண்ண வழிச்சு எடுத்துட்டேன், மேல காஞ்சாலும் உள்ள தண்ணி நிக்கிறது கண்ணுக்குத் தெரியும், அது தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழ எறங்குனாதான் பாய்ச்சுவேன். நட்டு ரெண்டு வாரம் கழிச்சு ஆரம்பிங்க, பூக்குறப்ப மட்டும் வயல காயவிடாதீங்க. தண்ணி எப்பவும் நிக்காததால களை கூடும், கோனோவீடர் (கையால தள்ளி களையெடுக்குற கருவி) ஓட்டலாம், ஆனா வரிசை நடவா இருந்தாதான் அது உள்ள போகும். உங்களது வரிசை நடவா?