ஒரு குடும்பத்தாரிடம் வாங்கிய பழைய ரக மா ஒட்டுச்செடி, நான்கு மாதமாக மேல் பகுதி வளரவே இல்லை. ஒட்டுக்குக் கீழே வரும் தளிர்களை வைக்கலாமா?

வைக்காதீர்கள், எடுத்துவிடுங்கள். ஒட்டுக்கு, அதாவது இரண்டு செடிகளையும் சேர்த்துக் கட்டிய இடத்துக்கு, கீழிருந்து வருவது நீங்கள் தேடி வாங்கிய பழைய மா ரகம் இல்லை, அதைத் தாங்கும் வேர்ச்செடி. விட்டால் சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொண்டு மேல் பகுதியைப் பட்டுப்போகச் செய்துவிடும்.

ஆனால் கை வைக்கும் முன் ஒன்று பாருங்கள். ஒட்டுக்கு மேலே பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. இளந்தளிரைக் கட்டைவிரலால் அடியோடு ஒடித்துவிடலாம். தண்டு முற்றியிருந்தால் சுத்தமான கத்தியால் குச்சி மிச்சமில்லாமல் வெட்டுங்கள். மிச்சம் வைத்தால் அங்கிருந்தே மறுபடி துளிர்க்கும்.

நான்கு மாதமாக மேல் பகுதி அப்படியே நிற்கிறது என்கிறீர்களே, ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருக்கிறதா? எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். தண்டு பருக்கும்போது நாடா இறுக்கிப் பிடித்துச் சாறு ஓடவிடாமல் தடுக்கும். ஒட்டு நன்றாகச் சேர்ந்திருந்தால் நாடாவைப் பின்பக்கமாகக் கீறி மெதுவாகப் பிரியுங்கள். ஒட்டு மண்ணுக்குள் புதைந்திருந்தால் மண்ணையும் விலக்குங்கள்.

வளரவில்லையே என்று உரத்தை அள்ளிப் போட வேண்டாம், இந்தத் தடையை அது நீக்காது.

கீறிப் பார்த்ததில் ஒட்டு வரைக்கும் பழுப்பாகக் காய்ந்திருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது தளிர்களை எடுக்காதீர்கள். வலுவான ஒன்றை வளர்த்து, அதே குடும்பத்தாரிடம் தாய்மரக் குச்சி கேட்டு, மறுபடி ஒட்டுக் கட்டலாம். செடி விற்றவர்கள் ஏமாற்றினார்கள் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். நல்ல ஒட்டுச்செடியிலும் இப்படித் துளிர்ப்பது சகஜம்.