சுள்ளென்று ஒரு தடவையா, விடாமல் ஜிவ்வென்றா?

சொந்தமாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஷாக் அடிக்கிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: சுள்ளென்று ஒரு தடவை அடித்துவிட்டு நின்றுவிடுகிறதா, கை வைத்திருக்கும்வரை ஜிவ்வென்று இருக்கிறதா? முதலாவது உங்கள் உடம்பில் சேர்ந்த ஸ்டாட்டிக், அதாவது உரசலில் சேரும் மின்சாரம். இரண்டாவது கரண்ட். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கேள்வி: கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூவில் கை பட்டால் ஜிவ்வென்கிறது, டெஸ்டர் வைத்தால் லேசாக எரிகிறது. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) போய்விட்டதா?

எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், ப்ளக் பாயின்ட்டில் எர்த் இருக்காது. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸிலிருந்து கேபினெட் பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என்று இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் வழியே கசிவது எர்த் இருந்தால் அதோடு போய்விடும், இல்லாவிட்டால் கேபினெட் மொத்தமும் சப்ளையில் பாதியில், 230 வோல்ட் வீட்டில் ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். கெபாசிட்டர் 2.2 நானோஃபாரட் என்றால் 50 ஹெர்ட்ஸில் உங்கள் கை வழியே போவது சுமார் 0.16 மில்லிஆம்பியர்தான், அது ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் நாளைக்கே உள்ளே இன்சுலேஷன் பழுதானால் முழு 230-உம் அதே ஸ்க்ரூவில் வந்து நிற்கும், அதனால் பழகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கம் இருந்தால் பாயின்ட்டில் பாருங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 230 காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். அப்படிக் காட்டாவிட்டால் எலக்ட்ரீஷியன் வேலை. பாயின்ட் சரி என்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பவர் கார்டையும் சந்தேகப்படுங்கள், மூன்று பின் இருந்தும் உள்ளே எர்த் கம்பியே இல்லாத பாக்ஸை நானே திறந்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பாயின்ட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு கம்பியால் இணைத்தால் போதும் என்கிறார் நண்பர்.

ஐயோ, வேண்டவே வேண்டாம். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட்டுக்கு நேராக ஃபேஸ் வந்துவிடும்.

கேள்வி: முன்பக்க யூஎஸ்பியில் பென்டிரைவ் செருகப் போனால் சுள்ளென்று அடித்து கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆகிறது. எர்த் நன்றாக இருக்கிறது.

இது ஸ்டாட்டிக். நம் தோலுக்குச் சுள்ளென்று தெரிய வேண்டுமானாலே சுமார் 3000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும், காற்று வறண்டிருந்தால் அது சர்வசாதாரணம். அந்தப் பொறி யூஎஸ்பியின் உலோக விளிம்பிலிருந்து நேராகக் கேபினெட் பாடிக்கு இறங்க வேண்டும். முன்பலகை ஸ்க்ரூவுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் அந்த வழி அடைபட்டு, யூஎஸ்பி கேபிள் வழியாக மதர்போர்டுக்குப் போய்விடுகிறது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, யூஎஸ்பி விளிம்புக்கும் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இடத்துக்கும் மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) பாருங்கள், மதர்போர்டிலிருந்து யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கேபிள் வழியாகவே பீப் அடித்து ஏமாற்றும். பீப் வராவிட்டால் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இறுக்குங்கள். அதுவரை, கையில் ஒரு சாவியைப் பிடித்துக்கொண்டு முதலில் பின்பக்க ஸ்க்ரூவைத் தொடுங்கள், பொறி சாவியில் போகும், விரலில் வலிக்காது. நாற்காலியிலிருந்து எழும்போது மானிட்டர் ஒரு நொடி கறுத்துப் போகிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அதுவும் ஸ்டாட்டிக்தான், மானிட்டர் கேபிளில் ஃபெரைட் வளையம் (மின் இரைச்சலைத் தடுக்கும் வளையம்) மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: ராம் மாற்றும்போது ரப்பர் கையுறை போட்டால் போதுமா?

போதாது, ரப்பர் உரசினால் ஸ்டாட்டிக் கூடத்தான் செய்யும். ரிஸ்ட் ஸ்ட்ராப் (மணிக்கட்டில் கட்டும், வயர் வைத்த பட்டை) வாங்கி கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் கிளிப் போடுங்கள். நீங்களும் பாகங்களும் ஒரே வோல்ட்டேஜில் இருந்தால் பொறிக்கு வேலையே இல்லை. அந்த வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும், தவறி 230 வோல்ட்டைத் தொட்டுவிட்டாலும் அது கரண்ட்டைக் கால் மில்லிஆம்பியருக்குள் நிறுத்தும். அதனால் சும்மா ஒரு கம்பியைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். அப்புறம், மதர்போர்டு வந்த வெள்ளி நிறப் பையின் மேல் போர்டை வைத்து ஆன் செய்யக் கூடாது, அந்தப் பை கரண்ட்டைக் கடத்தக்கூடும்.

கேள்வி: ஷார்ட் ஆகாமல் இருக்க மதர்போர்டு ஸ்க்ரூக்களுக்குப் பேப்பர் வாஷர் போடலாமா?

தேவையில்லை. துளையைச் சுற்றியிருக்கும் உலோக வளையம் கிரவுண்டுதான், அது கேபினெட்டைத் தொடட்டும். துளை இல்லாத இடத்தில் பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) ஏதும் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படி ஒன்றைக் கழற்ற மறந்து, ஒரு சாயங்காலம் முழுக்க எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.