வள்ளத்திலிருந்து விழுந்தால் திரும்ப ஏறுவது எப்படி? கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில் காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை நீர்த்தேக்கங்கள் பக்கம் வலை போடுகிறவர்களும் சும்மா தூண்டில் போடப் போகிறவர்களும் கேட்டவை இவை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, எனக்கு நல்லா நீந்த வரும். விழுந்தால் வள்ளத்து ஓரத்தைப் பிடித்து ஏறிவிட முடியாதா? (நோர்வூட்)

நீச்சல் வேறு, ஏறுவது வேறு தம்பி. ஓரத்தைப் பிடித்துத் தொங்கினால் கால் இரண்டும் வள்ளத்துக்கு அடியில் போய்விடும். அப்புறம் நனைந்த உடுப்போடு முழு உடம்பையும் கையாலேயே தூக்க வேண்டும். இரண்டு தரம் முயன்றாலே கை ஓய்ந்துவிடும்.

முதல் வேலை, வள்ளத்தை விடாமல் பிடிப்பது. ஆளில்லாத வள்ளம் காற்றில் போகிற வேகத்துக்கு நீந்திப் பிடிப்பது கஷ்டம். அடுத்தது மூச்சு. காசல்ரீ கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிறது. விடியற்காலைக் குளிர் தண்ணீரில் விழுந்தவுடன் மூச்சு தானாக வாங்கும், அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருக்கக் கூடாது. ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள், அடங்கிவிடும்.

சரி, இனி ஏறலாம். காலைப் பின்பக்கம் நீட்டி வேகமாக உதையுங்கள். உடம்பு தண்ணீர் மட்டத்துக்குப் படுத்த வாக்கில் வரவேண்டும். உதைப்பதை நிறுத்தாமல் நெஞ்சை ஓரத்தின் மேல் தள்ளி, வயிறு தாண்டியதும் உள்ளே உருண்டு விழுங்கள். உள்ளே போனதும் எழுந்து நிற்க வேண்டாம். பலர் இரண்டாம் முறை விழுவது அங்கேதான்.

எந்தப் பக்கமாக ஏறுவது? எங்களுடையது பக்கத்தில் மிதவைக் கட்டை உள்ள ஃபைபர் வள்ளம். (மஸ்கெலியா)

கட்டை இருக்கிற பக்கமாகத்தான், வள்ளத்துக்கும் கட்டைக்கும் நடுவில் வந்து. உங்கள் பாரம் கட்டையைக் கீழே அமுக்கும், அது மிதந்து எதிர்த்து நிற்கும். மறுபக்கம் பிடித்துத் தொங்கினால் கட்டை ஆகாயத்துக்குக் கிளம்பி, வள்ளம் உங்கள் தலைமேல் கவிழும். அவசரத்தில் பலருக்கு இது மறந்துபோகிறது. கட்டை இல்லாத சின்னப் படகென்றால் பின்பக்கமாக ஏறுங்கள். இஞ்சின் இருந்தால் அது நின்ற பிறகுதான் கிட்டப் போக வேண்டும்.

எனக்கு வயது ஐம்பத்தைந்து, தொப்பையும் உண்டு. நீங்கள் சொல்கிற உதை எல்லாம் நடக்குமா? (தலவாக்கலை)

நடக்காது ஐயா, அதற்குத்தான் கயிறு. தடித்த கயிற்றில் கால் வைக்க ஒரு வளையம் போட்டு, பழைய தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை அதில் கோர்த்துவிடுங்கள். குழாய் இருந்தால் வளையம் விரிந்தே நிற்கும், கால் சுலபமாக நுழையும். வளையம் தண்ணீருக்குக் கீழே ஒன்றரை அடியில் நிற்கிற மாதிரி குறுக்குக் கம்பில் கட்டுங்கள். கீழேயிருந்து கைக்கு எட்ட வேண்டும் என்பது முக்கியம். பெட்டிக்குள் சுருட்டி வைத்த கயிறு தண்ணீரில் கிடப்பவருக்கு எதற்கு?

கூட இன்னொருவர் இருந்தால் கையைப் பிடித்து இழுக்கலாமா? (கொத்மலை)

நின்றுகொண்டு இழுத்தால் அவரும் தண்ணீருக்குள். முழங்காலில் உட்கார்ந்து, லைப் ஜக்கெட்டின் தோள் பட்டிகளைப் பிடியுங்கள். விழுந்தவர் உதைக்கிற நேரம் பார்த்துச் சேர்ந்து இழுக்க வேண்டும். மூன்றாவது ஆள் இருந்தால் எதிர்ப்பக்கம் தாழ உட்கார்ந்து பாரம் கொடுக்கட்டும்.

சாரத்தோடு விழுந்தால்? (நோர்வூட்)

கழற்றி விடுங்கள், காலைச் சுற்றும். மானம் கரையில் பார்த்துக்கொள்ளலாம். ரப்பர் பூட்ஸும் அப்படியே. மேல் சட்டை இருக்கட்டும், கொஞ்சம் சூட்டைக் காக்கும். வலையில் கால் மாட்டினால் உதறாதீர்கள், உதற உதற இறுகும். இடுப்பில் சின்னக் கத்தி இருந்தால் அறுத்துவிடலாம்.

ஏறவே முடியவில்லை என்றால் கரைக்கு நீந்திப் போகலாமா? (மஸ்கெலியா)

கரை கிட்டத் தெரிகிறது என்று நம்பிப் போகாதீர்கள். தண்ணீர் குறைந்த காலத்தில் மவுசாகலைக் கரை முழுக்கச் சேறு. நீர்த்தேக்கம் கட்டியபோது முங்கிப்போன பழைய மஸ்கெலியா டவுனின் மிச்சம் வேறு அடியில் கிடக்கிறது. வள்ளம் கவிழ்ந்திருந்தாலும் அதன்மேல் முடிந்தவரை ஏறிப் படுத்துக்கொண்டு விசில் ஊதுங்கள். லைப் ஜக்கெட்டில் விசில் கட்டி வைப்பது இதற்குத்தான். ரொம்ப நேரம் கத்திக்கொண்டிருக்க முடியாது.

வீட்டுக்காரர் நனைந்து நடுங்கி வந்தால் கொஞ்சம் சாராயம் கொடுக்கலாமா அண்ணா? (ஹட்டன்)

வேண்டாம் தங்கச்சி. சூடு ஏறுவது போலத் தோன்றும், உண்மையில் உடம்புச் சூடு தோல் வழியாக வெளியே போய்விடும். ஈர உடுப்பை மாற்றி, கம்பளியால் போர்த்தி, நல்ல நினைவோடு இருந்தால் சீனி போட்ட பிளேன்டி கொடுங்கள். தண்ணீர் குடித்தவர் இருமிக்கொண்டே இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தூக்கக் கலக்கமாகப் பேசினாலோ காத்திருக்காமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வரச் சொல்லுங்கள்.