கிறிஸ்தவர்கள் சுவிசேஷத்தின்படி ஓட்டுப் போடுவது எப்படி?

இந்தக் கேள்விக்கு என் வீட்டில் நடந்ததிலிருந்தே பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஒரு தேர்தலுக்கு முந்தின இரவு கதவைத் தட்டி ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் நான்கு ஓட்டு. உள்ளே நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு. அம்மாவுக்கு அதைத் தொடவே மனசில்லை. “ஞாயித்துக்கிழமை காணிக்கையில போட்டுருவோமா?” என்று கேட்டார். அப்பா மத்தேயு 27-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தார். இயேசுவைக் காட்டிக்கொடுக்க வாங்கி, யூதாஸ் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசு இரத்தக்கிரயம், அதாவது ஒரு உயிருக்கு வாங்கின விலை; அதைக் காணிக்கைப் பெட்டியில் போடக் கூடாது என்று பிரதான ஆசாரியர்களே சொல்லிவிட்டார்கள். காலையில் அப்பா கவரைக் கொண்டுபோய், கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அப்புறம்தான் பூத்துக்குப் போனார்.

2017-இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும் 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தானது இந்தப் பணப் பட்டுவாடாவால்தான். ஆனால் அப்பா சட்டத்துக்குப் பயந்து அதைச் செய்யவில்லை.

பணத்தையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம். ‘அவர் நம்ம ஆள்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் மறுத்துப் பேசுவதுதான் கஷ்டம். நம்ம சபை, நம்ம சாதி என்பார்கள். அப்படிச் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-இன்படி முறைகேடு. சட்டத்தை விடுங்கள். ‘எனக்குப் பிறன் யார்?’ என்று கேட்டவனுக்கு இயேசு சொன்ன கதையில், அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் விலகிப் போனவர்கள் யூத ஆசாரியனும், ஆலய ஊழியனான லேவியனும். காயம் கட்டினவன் யூதர்கள் ஒதுக்கிவைத்திருந்த சமாரியன். அதனால் வேட்பாளர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று நான் பார்ப்பதே இல்லை.

நான் பார்ப்பது மத்தேயு 25. பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகமாக இருந்தவனுக்குத் தண்ணீர். அங்கே கேட்கப்படுவது இந்த மாதிரிக் காரியங்கள்தான். எங்கள் தெருவில் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற ஒரு அக்கா இருக்கிறார். குதிகால் வெடிப்பெல்லாம் உப்பு ஏறி வெள்ளையாக இருக்கும். மழைக்காலம் வந்துவிட்டால் அளத்தில் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. அவர் கிறிஸ்தவர் இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் அவரிடம்தான் போய்க் கேட்பேன்: “இவங்கள்ல யாராவது அளத்துப் பக்கம் வந்திருக்காங்களாக்கா?”

போன தடவை யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஒருத்தர் வந்தாரு. குடிக்கத் தண்ணி இல்லன்னு சொன்னோம். தொட்டி வச்சுக் குடுத்தாரு.”

அவருக்குத்தான் போட்டேன். அவர் ஜெயிக்கவில்லை. தொட்டி இன்னும் அங்கே இருக்கிறது.