சங்கீதம் 51: வசன எண் ஏன் இடிக்கிறது?

யூத உரைநூல் ஒன்றையும் தமிழ் வேதாகமத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் சங்கீதம் 51இன் வசன எண்கள் பொருந்தாது. பிழை இரண்டு நூல்களிலும் இல்லை. யூத உரைநூல் 51:12 என்று காட்டும் 'சுத்த இருதயம்' உங்கள் தமிழ் வேதாகமத்தில் 51:10. இரண்டைக் கழித்துப் பாருங்கள்.

காரணம் தலைப்பு. நாத்தான் தாவீதிடம் வந்த சமயத்தைச் சொல்லும் வரிகள் நம் பதிப்பில் எண்ணில்லாமல் மேலே நிற்கும். யூதர்கள் வழிவழியாகக் காத்துவரும் எபிரெய மூலமான மசோரா பாடத்தில் அவையே 1, 2ஆம் வசனங்கள். யூதர்கள் நின்றபடி சொல்லும் முக்கிய ஜெபமான அமிதாவைத் தொடங்கும் 'என் உதடுகளைத் திறந்தருளும்' என்ற வரியும் அப்படித்தான்: அவர்களுக்கு 51:17, நமக்கு 51:15.

சந்தேகம் வந்தால் கடைசி வசன எண்ணை ஒப்பிடுங்கள். 51இல் எபிரெயத்தில் 21, தமிழில் 19. சங்கீதம் 3இல் 9க்கு 8, அதனால் ஒன்றுதான் கழிக்க வேண்டும். 23இல் இரண்டிலும் 6. 'தாவீதின் சங்கீதம்' என்ற தலைப்பு எபிரெயத்தில் முதல் வசனத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டைக் கழிக்காதீர்கள். அது 51, 52, 54, 60 ஆகிய நான்குக்கு மட்டும்.

சங்கீதத்துக்கு வெளியே அதிகாரமே மாறும் இடங்களும் உண்டு. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எடுத்துச் சொல்லும் யோவேல் 2:28 யூதப் பதிப்பில் 3:1. மல்கியா 4ஆம் அதிகாரத்தை அங்கே தேடினால் கிடைக்காது, அது 3:19–24.

வுல்காத்தா என்னும் பழைய லத்தீன் வேதாகமத்தின் வழிவந்த பழைய கத்தோலிக்கப் பதிப்பு கையில் இருந்தால் இன்னொரு சிக்கல்: நமது 51ஆம் சங்கீதத்துக்கு அதில் 50 என்று எண் இருக்கும்.