நெல் கணக்கு நிரலுக்கு டெப் பொதி: படிவக் கருவி போதுமா?

கேள்வி: மன்னார்குடி அருகே ஓர் உழவர் குழுவுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். அறுவடைக் காலத்தில் வரும் நெல் மூட்டைகளின் எடையையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்வதற்குப் பைத்தானில் சிறு நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். குழுவின் எட்டுக் கணினிகளிலும் உபுண்டு இயங்குதளம் இருக்கிறது. உபுண்டுவில் நிரலை நிறுவ உதவும் கோப்பான டெப் பொதியைப் படிவம் நிரப்புவது போல உருவாக்கித் தரும் வரைகலைக் கருவி உண்டா?

பதில்: உண்டு. டெப்ரியேட் என்னும் கருவி இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. பொதியின் பெயர், பதிப்பு எண், பராமரிப்பவரின் பெயர், மின்னஞ்சல், விவரம் ஆகியவற்றைத் திரையில் நிரப்பி, எந்தக் கோப்பு எந்தக் கோப்புறையில் அமர வேண்டும் என்று குறித்துவிட்டால், டெப் கோப்பை அது கட்டித் தந்துவிடும். மூல நிரலை இயங்கு நிரலாகத் தொகுக்கும் வேலையை அது செய்வதில்லை; பைத்தான் நிரலுக்கு அது தேவையும் இல்லை. கணினி வகை கேட்கும் இடத்தில் ‘ஆல்’ (எல்லா வகைக்கும் பொது) என்று குறியுங்கள்.

நீங்கள் நிரப்பும் அனைத்தும் ‘கண்ட்ரோல்’ என்ற எளிய உரைக் கோப்பில்தான் போய்ச் சேர்கின்றன. அக்கோப்பில் விவரத்தின் தொடர் வரி ஒவ்வொன்றும் ஓர் இடைவெளியுடன் தொடங்க வேண்டும். பத்தி பிரிக்க வெற்று வரி விடாமல், ஓர் இடைவெளியும் ஒரு புள்ளியும் இட வேண்டும். இத்தகைய எழுத்து முறைகளில் கை தவறாமல் இருக்கவே படிவக் கருவி உதவுகிறது. உங்கள் நிரல் எதைச் சார்ந்து ஓடுகிறது, எங்கே எழுதுகிறது என்பவை அதற்குத் தெரியா. பொதி பழுதாவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான் என்பதால், அவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சார்புகள், அதாவது உங்கள் நிரல் ஓடுவதற்குத் தேவையான பிற பொதிகள். நிரலின் சாளரங்களை டிகேஇண்டர் என்னும் பைத்தான் நூலகம் கொண்டு அமைத்திருந்தால், உபுண்டுவில் அது ‘பைத்தான்3-டிகே’ என்ற தனிப் பொதியாக இருக்கிறது. உங்கள் கணினியில் அது என்றோ நிறுவப்பட்டிருக்கும் என்பதால் நிரல் தடையின்றி ஓடும். அது இல்லாத கணினியிலோ சாளரமே திறக்காது. ஆகவே நிரலின் தலைப்பில் உள்ள இம்போர்ட் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பைத்தானுடன் சேர்ந்து வராதவற்றின் பொதிப் பெயர்களைச் சார்புப் பட்டியலில் எழுதுங்கள்.

அடுத்தது, என் கருத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது, கணக்கு சேமிக்கப்படும் இடம். சிறு நிரல்களை எழுதும்போது தரவுக் கோப்பை நிரலின் பக்கத்திலேயே வைத்துவிடுவது வழக்கம். பொதியாக நிறுவும்போது நிரல் ‘/யூஎஸ்ஆர்’ கோப்புறைக்குள் போய்விடும். அங்கே சாதாரணப் பயனருக்கு எழுதும் உரிமை கிடையாது. மூட்டை எடையைப் பதிந்து ‘சேமி’ பொத்தானை அழுத்தியதும் ‘அனுமதி இல்லை’ என்ற பிழைதான் வரும். எனவே கணக்குக் கோப்பைப் பயனரின் ஹோம் கோப்புறையில் உருவாக்கும்படி நிரலைத் திருத்திய பிறகே பொதி கட்டத் தொடங்குங்கள். அப்போது பொதியை நீக்கினாலும் ஒரு பருவத்தின் கணக்கு அழியாமல் இருக்கும்.

ஈரப்பத வரம்பையும் நிரலுக்குள் எழுதிவிட வேண்டாம். அரசுக் கொள்முதலில் வழக்கமான வரம்பு 17 சதவீதம் என்றாலும், மழையில் நெல் நனைந்த ஆண்டுகளில் மத்திய அரசு அதைத் தளர்த்தியதுண்டு. அந்த எண்ணை ‘/இடிசி’ கோப்புறையில் ஓர் அமைவுக் கோப்பாக வைத்து, அதனைக் ‘கான்ஃபைல்’ என்று பொதியில் அறிவித்துவிட்டால், பயனர் மாற்றிய எண்ணைப் புதிய பதிப்பு கேட்காமல் அழிக்காது.

பதிப்பு எண்ணாகத் தேதியை இடுவதாயின் ஆண்டை முன்னால் எழுதுங்கள். 31.12.2024 என்பதை 01.01.2025 என்பதைவிடப் புதியது என்றே உபுண்டுவில் பொதிகளை நிறுவும் டிபிகேஜி கருவி கணக்கிடும், 2024.12.31 என்று எழுதினால் வரிசை சரியாக அமையும்.

  

பொதி கட்டி முடிந்ததும், பொதியின் குறைகளைக் கண்டறியும் லிண்டியன் கருவியால் ஒருமுறை சோதியுங்கள். அது காட்டும் எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் தீர்க்க வேண்டியதில்லை. ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்துடன் வரும் பிழைகளை மட்டும் விடாமல் பாருங்கள். பின்னர், நிரலை இதுவரை ஓட்டியிராத ஒரு கணினியில், சார்புகளையும் சேர்த்து நிறுவும் ஆப்ட் கட்டளையால் நிறுவிப் பாருங்கள்; கோப்பின் பெயருக்கு முன் ‘./’ இட மறக்காதீர்கள், இல்லையெனில் ஆப்ட் அந்தப் பெயரை இணையக் களஞ்சியத்தில் தேடும். டிபிகேஜி கட்டளையால் நேரடியாக நிறுவினால், விடுபட்ட சார்புகளை அது தானாகக் கொண்டுவராது. அந்தக் கணினியில் ஒரு மூட்டையின் எடையைப் பதிந்து, நிரலை மூடித் திறந்து, அந்தப் பதிவு அப்படியே இருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றக் கணினிகளில் நிறுவுங்கள்.